நெட் வேகத்தைக் குறை சொல்லாதீர்கள்: இணையத் தொலைபேசி கேள்வி-பதில்

கேள்வி: கடைக்கு ஆறு ஐபி போன் (இணையம் வழியே பேசும் மேசைத் தொலைபேசி) வாங்கினோம். வெளியிலிருந்து வரும் அழைப்பை எடுத்தால் அரை நிமிடத்தில் துண்டித்துக்கொள்கிறது. நாங்கள் கூப்பிட்டால் அப்படி இல்லை. விற்றவர் நெட் வேகம் போதாது என்று 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300-க்கு மாற்றச் சொன்னார். மாற்றியும் பலனில்லை.
(ஜவுளிக்கடை, ஈரோடு)

பதில்: தேவையில்லாத செலவு வைத்துவிட்டார்கள். ஜி.711 என்ற சாதாரணக் குரல் தரத்தில் ஓர் அழைப்புக்குப் போக 87 கேபிபிஎஸ், வர 87 கேபிபிஎஸ் போதும். ஆறு போனிலும் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒவ்வொரு திசையிலும் அரை எம்பிபிஎஸ்ஸைக் கொஞ்சம்தான் தாண்டும். பழைய திட்டத்துக்கே திரும்பிவிடுங்கள்.

கடிகாரம் வைத்துப் பாருங்கள், 32-வது நொடியில் துண்டிக்கும். அழைப்பைத் தொடங்குவது, மணியடிப்பது, முடிப்பது எல்லாம் எஸ்.ஐ.பி. என்ற விதிமுறைப்படி இரு முனைகளும் பரிமாறும் சேதிகளால் நடக்கிறது. குரல் தனியாக ஆர்டிபி என்ற தரவுப் பொட்டலங்களில் போகிறது. நீங்கள் ரிசீவரை எடுத்ததும் உங்கள் போன் '200 ஓகே' அனுப்பும். அதற்கு மறுமுனையிலிருந்து 'ஏக்' என்ற ஒப்புகை வர வேண்டும். வரவில்லையென்றால் அரை நொடி, ஒரு நொடி, இரண்டு, நான்கு என்று இடைவெளி விட்டு ஓகேயைத் திரும்பத் திரும்ப அனுப்பும். 32 நொடி ஆனதும் அழைப்பை முடித்துவிடும். அதுவரை பேச்சு நன்றாகக் கேட்பதால்தான் யாரும் இதைச் சந்தேகப்படுவதில்லை.

ஒப்புகை வராததற்குப் பெரும்பாலும் காரணம் ரவுட்டரில் உள்ள 'எஸ்.ஐ.பி. ஏஎல்ஜி' என்ற வசதி. சேதிக்குள் இருக்கும் முகவரியைத் திருத்துகிறேன் என்று அது கெடுத்துவைக்கிறது. ரவுட்டர் அமைப்புப் பக்கத்தில் அதை அணைத்து, முதலில் ரவுட்டரையும் பிறகு போன்களையும் அணைத்துப் போடுங்கள். அந்த வசதி கண்ணில் படவில்லை என்றால், சேவை நிறுவனத்திடம் கேட்டு போன்கள் சேதி அனுப்பும் வழியை யுடிபி 5060 போர்ட்டிலிருந்து, மறையாக்கம் உள்ள டிஎல்எஸ் 5061 போர்ட்டுக்கு மாற்றுங்கள். சேதி மறையாக்கத்தில் போவதால் ரவுட்டரால் அதில் கைவைக்க முடியாது. ஏஎல்ஜியை அணைத்தும் தீரவில்லையென்றால், போன் 192.168-ல் தொடங்கும் தன் உள்முகவரியையே வெளியே கொடுத்துக்கொண்டிருக்கலாம். போனில் 'நாட்' (உள்முகவரியை வெளிமுகவரியாக மாற்றுவது) பகுதிக்குப் போய் 'ஸ்டன்', 'ஆர்போர்ட்' என்ற இரண்டு அமைப்புகளையும் இயக்குங்கள்.

கேள்வி: என் கைபேசி எண்ணுக்கு வரும் வாட்ஸ்அப் அழைப்பை மேசையில் உள்ள ஐபி போனில் எடுக்க முடியுமா?

பதில்: சாதாரண வாட்ஸ்அப் செயலிக் கணக்கில் முடியாது. அதற்காகப் போன் வாங்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் இருக்கும் பழைய லேண்ட்லைன் போனை இணைய எண்ணில் பயன்படுத்த ஆன்லைனில் மலிவாக ஒரு அடாப்டர் வாங்கினேன். டயல் டோனே இல்லை. போன் கெட்டுவிட்டதா?
(கோவை)

பதில்: போன் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் போர்ட்டின் மேல் 'எஃப்எக்ஸ்ஓ' என்று அச்சிட்டிருக்கிறது. அது தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் கம்பியைச் செருகும் வாய். டயல் டோனும் மணியடிக்கும் மின்சாரமும் கொடுத்து போனை இயக்குவது 'எஃப்எக்ஸ்எஸ்' போர்ட். விற்பனைப் பக்கத்தின் முதல் வரியிலேயே இது இருந்தது. படிக்காமல் விலையை மட்டும் பார்த்து வாங்கியதற்கு விற்றவரை எப்படிக் குறை சொல்வது? திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கம்பி வழியே போனுக்கு மின்சாரமும் தரும் பெட்டி) வாங்கினோம். போன் எதுவும் உயிர்பெறவில்லை.

பதில்: அட்டையில் '24 வோல்ட் பேஸிவ்' என்று இருக்கும். மேசை ஐபி போன்கள் எதிர்பார்ப்பது 802.3ஏஎஃப் தரம், சுமார் 48 வோல்ட், ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை. '802.3ஏஎஃப்' என்று அட்டையில் இல்லாத சுவிட்சைத் தொடாதீர்கள். நான் வாங்கிய ஒன்று அலமாரியில் சும்மா கிடக்கிறது.

கேள்வி: மருத்துவமனைக்குப் போன்களை முழு விலை கொடுத்து வாங்கினேன். சேவை சரியில்லை என்று வேறு நிறுவனத்துக்கு மாறினால், பழையவர்கள் அட்மின் கடவுச்சொல்லைத் தர மறுக்கிறார்கள். ஃபேக்டரி ரீசெட் செய்தும் போன் அவர்கள் சர்வருக்கே போய் நிற்கிறது. புதுப் போன் வாங்கச் சொல்கிறார்கள்.
(சிறு மருத்துவமனை, தஞ்சாவூர்)

பதில்: வாங்காதீர்கள். போன் உங்களுடையது, பில் உங்களிடம் இருக்கிறது.

ரீசெட் செய்த போன் தயாரிப்பாளரின் வழிகாட்டி சர்வரைக் கேட்கும். அங்கே உங்கள் போனின் மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) பழைய நிறுவனத்தின் கணக்கில் பதிவாகியிருப்பதால் அவர்களிடமே திருப்பி அனுப்புகிறது. எத்தனை முறை ரீசெட் செய்தாலும் இதுதான் நடக்கும். போன்களின் அடியில் உள்ள 12 இலக்க மேக் முகவரிகளை எல்லாம் எழுதி, 'இவற்றை உங்கள் கணக்கிலிருந்து விடுவியுங்கள்' என்று தேதியுடன் மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் அதே மின்னஞ்சலையும் பில்லையும் தயாரிப்பாளரின் ஆதரவுப் பிரிவுக்கு அனுப்புங்கள். அதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியுங்கள். வணிக நோக்கத்தில் வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதாடும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்துபவரை 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்ச ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

இதில் எனக்குக் கோபம் வருவது ஏன் என்றால், எஸ்.ஐ.பி. யாருடைய சொத்தும் அல்ல. 1999-ல் வெளியாகி 2002-ல் ஆர்எஃப்சி 3261 என்ற ஆவணமாகத் திருத்தி எழுதப்பட்ட பொது விதிமுறை. எந்த நிறுவனத்தின் போனும் எந்த நிறுவனத்தின் சர்வரோடும் பேச வேண்டும் என்பதற்காகவே அது எழுதப்பட்டது. அதை நம்பித்தான் மக்கள் காசு கொடுக்கிறார்கள். விற்பவர்களோ 'எஸ்.ஐ.பி. போன்' என்று பில் போட்டுவிட்டு, பூட்டிய பெட்டியைக் கையில் கொடுக்கிறார்கள். வாடகைப் போனைப் பூட்டினால் நியாயம் உண்டு. முழு விலைக்கு விற்றதைப் பூட்டுவது ஏமாற்று. இனி வாங்குவோர் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்: அட்மின் கடவுச்சொல், ஒவ்வொரு எண்ணுக்கும் பயனர் பெயர், கடவுச்சொல், டொமைன், பிராக்ஸி முகவரி தரப்படும், ஒப்பந்தம் முடிந்த ஏழு நாளில் மேக் முகவரி விடுவிக்கப்படும். இதற்குக் கையெழுத்துப் போடாதவரிடம் வாங்க வேண்டாம். சிஸ்கோ 8800 வரிசையில் பழைய போன் வாங்குவோர் மாடல் எண்ணையும் பாருங்கள். '3பிசிசி' என்று இருப்பது மற்ற நிறுவனங்களின் சர்வரிலும் வேலை செய்யும். அது இல்லாதது சிஸ்கோவின் சொந்த சர்வருக்கானது.

கேள்வி: விடுதியில் ஐபி பிபிஎக்ஸ் (உள் போன்களை இணைக்கும் இணைய இணைப்பகம்) வைத்தார்கள். ஒரே இரவில் யாரோ வெளிநாட்டுக்குப் பேசி முன்பணம் முழுவதும் போய்விட்டது.
(திருநெல்வேலி)

பதில்: உங்கள் மேல் தவறில்லை. 101-ம் உள் எண்ணுக்குக் கடவுச்சொல்லும் 101 என்று வைத்து, 5060 போர்ட்டை உலகத்துக்கே திறந்துவிட்டுப் போனவர்மேல்தான் தவறு. அப்படித் திறந்து கிடக்கும் போர்ட்டைத் தேடும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள். பிபிஎக்ஸ்ஸின் பதிவுக் கோப்பை அழிக்காமல் நகலெடுத்து வையுங்கள், யார் எந்த ஐபி முகவரியிலிருந்து நுழைந்தார் என்பதற்கு அதுதான் சான்று. சேவை நிறுவனத்திடம் ஐஎஸ்டியை மூடச் சொல்லி, தினச் செலவுக்கு உச்சவரம்பு வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் 16 எழுத்துக் கடவுச்சொல் போடுங்கள். 5060-ஐ சேவை நிறுவனத்தின் ஐபி முகவரிக்கு மட்டும் திறங்கள். நிறுவியவருக்கு இழப்பைக் கேட்டு நோட்டீஸ் அனுப்புங்கள்.

கேள்வி: வீட்டில் சிம் பெட்டி வைத்து இணைய இணைப்புக் கொடுத்தால் மாத வருமானம் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: கூடாது. வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றும் சட்டவிரோத இணைப்பகம் அது. பெட்டி இருக்கும் வீட்டுக்குத்தான் காவல்துறை வரும்.

கேள்வி: வங்கிக்குக் கூப்பிட்டு 'தமிழுக்கு 1' அழுத்தினால் ஏற்கவில்லை. போனை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். போனின் டிடிஎம்எஃப் (பட்டன் ஒலியை அனுப்பும் முறை) அமைப்பு 'இன்பேண்ட்' (குரலோடு கலந்து) என்று இருக்கும். ஜி.729 போன்ற, குரலைச் சுருக்கும் கோடெக்கில் பட்டன் ஒலி சிதைந்துவிடும். 'ஆர்எஃப்சி 2833' என்று மாற்றுங்கள், சில போன்களில் 4733 என்று இருக்கும். பிறகும் ஏற்கவில்லையென்றால் சேவை நிறுவனத்தின் பக்கமும் அதே முறைதான் இருக்கிறதா என்று கேளுங்கள்.