முன்பள்ளி ஆசிரியராகப் படிக்க விரும்புவோர் கேட்டவை

முன்பள்ளி ஆசிரியர் பயிற்சியில் நீண்டகாலம் பணியாற்றிய ரீச்சர், யாழ்ப்பாணத்து வாசகிகளுக்குப் பதில் சொல்கிறார்.

சுன்னாகம்: உயர்தரம் முடித்துவிட்டேன் ரீச்சர். எங்கே தொடங்கலாம்?

முதலில் எந்த வயதுப் பிள்ளைகளோடு இருக்கப்போகிறீர்கள் என்று முடிவெடுங்கள். நம் நாட்டில் ஐந்து வயது நிறைந்த பிள்ளை முதலாம் தரத்துக்குப் போகிறது. அதற்கு முந்திய முன்பள்ளி, மாகாண சபைகளின் பொறுப்பில் இருக்கிறது. ஆரம்பப் பிரிவுதான் வேண்டும் என்றால் தேசிய கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பியுங்கள்: இரண்டு ஆண்டுகள் தங்கிப் படிப்பு, மூன்றாம் ஆண்டு பாடசாலையில் பயிற்சி. கிடைப்பது டிப்ளோமா. முன்பள்ளியில் மனம் இருந்தால் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடத்தை நாடுங்கள். முன்பள்ளிக் கல்விச் சான்றிதழும் உண்டு, கல்விமாணிப் பட்டமும் உண்டு. யாழ்ப்பாணத்திலேயே அதன் பிராந்திய நிலையம் இருக்கிறது.

பருத்தித்துறை: வேலை செய்துகொண்டே படிக்கலாமா?

தாராளமாக. காலையில் பிள்ளைகளிடம் பார்த்ததை மாலையில் பாடத்தில் வாசிப்பவருக்குப் படிப்பு மனதில் நிற்கும்.

கொக்குவில்: அ, ஆ சொல்லிக்கொடுக்கப் பட்டம் எதற்கு என்று அப்பா கேட்கிறார்.

அ, ஆ இந்த வேலையில் ஒரு சிறு துண்டுதான். நாலு வயதில் மணிக்கட்டு எலும்புகள் முழுதாக இறுகியிருக்காது. அந்தக் கையால் கொப்பி நிறைய எழுதச் சொன்னால் கை நோகும், பள்ளிக்கூடமே வெறுத்துப்போகும். விஜயதசமியன்று ஏடு தொடக்குவது மங்கலம். மறுநாளே பென்சிலைத் திணிப்பது கொடுமை. களிமண் பிசைவதும் மணி கோப்பதும் எழுத்துக்கு முந்திய படிப்பு. 'குழப்படிப் பிள்ளை' என்று மூலையில் இருத்தப்படும் பிள்ளைக்குச் சில வேளை காதுதான் சரியாகக் கேளாமல் இருக்கும். பேச்சுப் பிந்துவதையும் ஒதுங்கி நிற்பதையும் வீட்டுக்கு வெளியே முதலில் காணக்கூடியவர் நீங்கள்தான். அந்தக் கண் தானாக வராது. ஒரு பிள்ளையை நாட்கணக்கில் அவதானித்து, எழுதி, விரிவுரையாளரிடம் காட்டித் திருத்தி வர வேண்டும். ஆகவே எந்தக் கற்கையில் சேர்ந்தாலும் கற்பித்தல் பயிற்சிக்கு எவ்வளவு காலம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

நெடுந்தீவு: சம்பளம்?

குறைவு. அரச பாடசாலை ஆசிரியருக்கு உள்ள சம்பளம் முன்பள்ளி ஆசிரியருக்கு இல்லை. இது அநீதி என்றே சொல்வேன். வீட்டில் பேசித் தெளிந்த பிறகு சேருங்கள்.

நல்லூர்: கற்பித்தல் சாதனங்கள் விலை கூடுதலாக இருக்கின்றனவே?

வாங்கவே வேண்டாம். எண்ணப் புளியங்கொட்டை, தரம் பிரிக்கச் சிப்பி, பின்னப் பனையோலை. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் மட்டும் கொட்டைகளை எட்டாத உயரத்தில் வையுங்கள், வாயில் போட்டுவிடும்.