எள்ளுப் பூ இலையாகிறது: அந்தக் கிருமி தொலைத்துவிட்ட நொதி

கேள்வி: ஐயா, விருத்தாசலம் பக்கம் மாசிப்பட்டத்தில் எள் போட்டிருக்கிறேன். சில செடிகளில் பூ வரவேண்டிய இடத்தில் பச்சையாகக் குட்டி இலைகள் கொத்துக் கொத்தாக வருகின்றன, காய் இல்லை. இந்த நோய்க் கிருமியிடம் சக்தி தயாரிக்கும் நொதியே கிடையாது என்கிறாள் காலேஜில் படிக்கும் மகள். அது எப்படித் தெரியும்? அதை வைத்து மருந்து அடிக்க முடியாதா?

பதில்: மகள் சொன்னது சரி. இது பூவிலை நோய். காரணம் ஃபைட்டோபிளாஸ்மா என்ற பாக்டீரியா. செல்சுவர் கிடையாது, செடியில் சத்து ஓடும் சல்லடைக் குழாய்ச் செல்களுக்குள்ளேயே குடியிருக்கும். இந்த இனத்தை 1967இல் ஜப்பானில் முசுக்கொட்டைச் செடியில் கண்டார்கள்.

ஆய்வகத் தட்டில் தனியாக வளர்ப்பது பெரும்பாடு என்பதால் இதன் மரபணுக்களைப் படித்துத்தான் விஷயம் தெரிந்தது. வெங்காய மஞ்சள் நோய் ஃபைட்டோபிளாஸ்மாவின் மரபணுத் தொகுதியை 2004இல் முழுதாக வாசித்தார்கள். சுமார் 8,60,000 எழுத்துகள். அதில் ஏடிபி சிந்தேஸ் நொதிக்கான மரபணுக்கள் ஒன்றுகூட இல்லை. செல்லின் சக்திப் பொருளான ஏடிபியைத் தயாரிக்கும் இதைத்தான் மகள் ‘சக்தி தயாரிக்கும் நொதி’ என்றாள்.

‘காணோம்’ என்பதை உடனே நம்பிவிடக் கூடாது. வாசிப்பில் விட்டுப்போயிருக்கலாம், அல்லது மரபணு அடையாளம் தெரியாத அளவு மாறியிருக்கலாம். பாக்டீரியாவில் இந்த நொதிக்குப் பொதுவாக எட்டு வகைப் பாகங்கள். அவற்றின் மரபணுக்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து இருக்கும். ஏழு இருந்து ஒன்று மட்டும் தென்படவில்லை என்றால், அது உருமாறிப் பக்கத்திலேயே இருக்கிறதா என்றுதான் நான் முதலில் தேடுவேன். இங்கோ தொகுதி முழுதாகக் கையில் இருக்கிறது, எட்டுமே இல்லை. அப்படியானால் நிஜமாகவே தொலைந்துவிட்டது. செடியே ஊட்டும்போது சொந்த அடுப்பு எதற்கு?

ஆகவே அந்த நொதியைத் தாக்கும் மருந்துக்கு இங்கே வேலை இல்லை. செல்சுவர் இல்லாததால் பென்சிலினும் பலிக்காது. டெட்ராசைக்ளின் அறிகுறியை அடக்கும், நிறுத்தினால் நோய் திரும்பும். வயலில் அதற்குக் காசு செலவழிக்காதீர்கள்.

நோய் வந்த செடியை இன்றே வேரோடு பிடுங்கி அழியுங்கள், அது இனிக் காய்க்காது. அப்புறம் நல்ல செடிகளில் இலையைத் திருப்பிப் பாருங்கள்: சின்னத் தத்துப்பூச்சி பக்கவாட்டில் நகர்ந்து ஒளியும். நோயைப் பரப்புவது அதுதான். வரப்புக் களையையும் எடுத்துவிடுங்கள். பூச்சி நிறைய இருந்தால் மருந்தையும் அளவையும் வேளாண்மை அலுவலரிடம் கேட்டு அடியுங்கள். அடுத்த பட்டத்தில் ஆறு வரிசை எள்ளுக்கு ஒரு வரிசை துவரை போடுங்கள்.