வகுப்பறையில் மாணவர்களின் படைப்பாற்றலை எப்படி ஊக்குவிப்பது?

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன், வகுப்பில் 40 பிள்ளைகள், பாடத்தை முடிக்கவே நேரம் போதவில்லை, இதில் படைப்பாற்றலை எங்கே வளர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் பதினேழு வருடமாக ஆறு முதல் எட்டு வரை தமிழ் எடுக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன். அதில் பாதி, நானே தப்பாகச் செய்து கற்றுக்கொண்டது.

சேர்ந்த இரண்டாம் வருடம் ஏழாம் வகுப்புக்கு ‘மழையின் பயன்கள்’ என்று கட்டுரை கொடுத்தேன். எல்லாரும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்புப் போட்டு, ‘நீரின்றி அமையாது உலகு’ என்று ஆரம்பித்திருந்தார்கள். ஒரு பையன் மட்டும் அதையெல்லாம் விட்டுவிட்டு ஐந்தே வரி எழுதியிருந்தான். மழை பெய்தால் செங்கல் சூளையில் வேலை இருக்காது, அப்பா வீட்டில் இருப்பார், அம்மாவுக்குக் காசில்லை என்று கோபம் வரும், ஆனாலும் எனக்கு மழை பிடிக்கும். அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன்? ‘மழை’யை ‘மலை’ என்றும் ‘சூளை’யை ‘சூலை’ என்றும் எழுதியிருந்த இடத்தையெல்லாம் தேடிப்பிடித்துச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். ஐந்து வரியில் பதினொரு வட்டம். அடியில் ‘தலைப்பை ஒட்டி எழுதவும்’ என்று ஒரு குறிப்பு வேறு. அடுத்த கட்டுரையை அவன் கைடைப் பார்த்து ஒரு பிழை இல்லாமல் எழுதிக்கொண்டு வந்தான். நான் ‘நன்று’ போட்டேன். எங்கள் பள்ளியை விட்டுப் போகும்வரை அவன் சொந்தமாக ஒரு வரி எழுதி நான் பார்க்கவில்லை.

இதனால் பிழை திருத்தவே கூடாது என்று சொல்ல வரவில்லை. ல, ள, ழ தடுமாற்றத்தோடு பத்தாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு அங்கே யாரும் இரக்கம் காட்டப் போவதில்லை. நான் திருத்துகிற நேரத்தை மட்டும் மாற்றினேன். வியாழக்கிழமை கடைசிப் பீரியடில் பத்து நிமிடம், ரஃப் நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டில் சிவப்பு மை படாது. படித்துவிட்டு அடியில் பென்சிலால் ஒரு கேள்வி மட்டும் எழுதுவேன்: ‘அன்னிக்கு அப்பா வீட்ல என்ன செய்வாங்க?’ மாதிரி. கண்ணில் பட்ட பிழைகளைத் தனியாகக் குறித்து வைத்து, திங்கட்கிழமை யார் எழுதியது என்று சொல்லாமல் பலகையில் போட்டு எல்லாருக்கும் சொல்லிக் கொடுப்பேன். 40 நோட்டையும் வாரா வாரம் பார்க்க முடியாது. வாரத்துக்குப் பத்து நோட்டு, சுற்று முறையில்.

அப்புறம், கேள்வி. பிள்ளைகளுக்குக் கற்பனையே இல்லை என்று நம் ஓய்வறையில் அடிக்கடி கேட்பீர்கள். ‘இயற்கைக் காட்சி வரை’ என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே வளைந்து வருகிற ஆறு, ஓரத்தில் குடிசை, ஒரு தென்னை, வானத்தில் டிக் அடித்த மாதிரி நாலு பறவை. எங்கள் ஊரில் கூரைமேல் ஏறி நின்றாலும் மலை தெரியாது. மலையை எங்கேடா பார்த்தே என்று கேட்டால், ‘நாலாவதுல மிஸ் போர்டுல போட்டாங்க சார்’ என்கிறான். அதையே ‘உன் வீட்டு வாசப்படியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே என்ன தெரியுமோ அதை வரை’ என்று மாற்றினேன். எதிர்வீட்டு மாட்டின் பின்பக்கம், துணி காய்கிற கொடி, செல்போன் டவர் என்று வந்தது. ஒரு பெண் பைக்கின் கீழ்ப்பாதியை மட்டும் வரைந்திருந்தாள். மேல்பாதி எங்கே என்று கேட்டேன். பாத்திரம் தேய்க்கும்போது அவ்வளவுதான் சார் தெரியும் என்றாள்.

பாடப்பகுதியிலும் இதற்கு இடமுண்டு. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை நடத்திவிட்டு ‘பாரியின் கொடைச் சிறப்பை எழுதுக’ என்றால் கைடு பதில்தான் வரும். ‘பாரியோட தேர்ப்பாகன் அன்னிக்கு வீட்டுக்குப் போய் பொண்டாட்டிகிட்ட என்ன சொல்லியிருப்பான்?’ என்று கேட்டேன். வகுப்பே சந்தைக்கடை ஆகிவிட்டது. ‘ஒரு குச்சி நட்டிருந்தா போதாதா சார்?’ என்றான் ஒருவன். குச்சி வெட்ட மரத்துக்கிட்ட போகணும், அதுக்குள்ள கொடி காத்துல அல்லாடுமே என்று இன்னொருத்தி. என்னைக் கேட்டால், கொடைமடம் (முன்பின் யோசிக்காமல் அள்ளிக் கொடுப்பது) என்ற சொல்லை அன்றைக்குத்தான் அவர்கள் புரிந்துகொண்டார்கள். தேர்வில் அந்தக் கேள்விக்கு மனப்பாடம் இல்லாமலே எழுதினார்கள். பாடம் முடிக்க நேரமில்லை என்கிறீர்களே, அன்று கூடுதலாகப் போனது ஏழெட்டு நிமிடம்தான்.

எச்சரிக்கையாக ஒன்று. நல்ல யோசனை எதுவும் படிவமாக மாறினால் செத்துவிடும். 2007-08 வாக்கில் நம் மாநிலத் தொடக்க வகுப்புகள் முழுவதற்கும் செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துப் படிக்கிற முறை வந்தது. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியில் செய்ததைப் பார்த்து, முதலில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது அது. மேல்வகுப்புகளுக்கு வந்ததன் பெயரே ‘படைப்பாற்றல் கல்வி’. படித்தல், புதிய சொற்களை அடிக்கோடிடுதல், மனவரைபடம் (படித்ததைக் கிளை கிளையாக வரைந்து காட்டுவது), தொகுத்தல், குழுவில் பேசுதல் என்று வரிசை. நல்ல வரிசைதான். ஆனால் பள்ளியைப் பார்வையிட வருகிற அதிகாரிகள் ‘மனவரைபடம் எங்கே?’ என்று நோட்டைப் புரட்டினார்கள். நாங்களும் பயந்துபோய் நன்றாகப் படிக்கிற பிள்ளையின் வரைபடத்தைப் பலகையில் போட்டு எல்லாரையும் பார்த்து எழுத வைத்தோம். யோசித்துப் பாருங்கள், 40 மனத்துக்கும் ஒரே வரைபடம்! ஆனால் தொடக்க வகுப்புகளுக்கு அப்போது வந்த இரண்டு பொருள்களை நான் விடவே இல்லை. ஒன்று, சுவரோரம் பிள்ளைகளின் உயரத்துக்கு ஓடுகிற கரும்பலகை. இன்னொன்று கம்பிப் பந்தல், வகுப்பறையில் தலைக்குமேல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கம்பி. வரைந்தது எதுவானாலும் பந்தலில் தொங்கும், தேர்ந்தெடுப்பது கிடையாது.

2012-13இல் வருடத்தை மூன்றாகப் பிரிக்கிற முப்பருவ முறை வந்து, பாடம் நடக்கும்போதே செயல்பாடுகளை வைத்துப் போடுகிற வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் என்று ஆனபோதும் இதே கதை நடந்தது. செயல்திட்டம் என்றால் கடையில் படம் வாங்கிச் சார்ட்டில் ஒட்டுவது. பாதி அம்மாக்களே ஒட்டிக் கொடுத்தார்கள். கடையில் வாங்கியது எதுவும் கூடாது என்று ஒருமுறை விதி போட்டுப் பார்த்தேன். ஒரு பெண் பாட்டியிடமிருந்து படியும் உழக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். நாலு உழக்கு ஒரு படி என்று பாட்டி சொல்லி அனுப்பியிருக்கிறார். மணலை அள்ளிப் போட்டால் நாலு போட்டும் படி நிறையவில்லை. பாட்டி பொய் சொல்கிறாரா, தலைதட்டி அளக்காததாலா, உழக்கு ஒரு பக்கம் நசுங்கியிருப்பதாலா என்று அரைமணி நேரம் சண்டை. நான் வாயே திறக்கவில்லை.

அறிவியல் எடுக்கிற எங்கள் டீச்சரிடம் நான் திருடிய வித்தை ஒன்றும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்துக்குப் போன பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வ் டியூபால் இணைத்து உருவங்கள் செய்ய வைத்தார். டீச்சர் அதைத்தான் கையாள்வார். முக்கோணம் செய்தால் அசையாது. சதுரம் ஆடும், அமுக்கினால் சாயும். ‘ஆடாம நிறுத்து பார்ப்போம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிடுவார். பிள்ளைகள் குறுக்கே ஒரு குச்சி வைக்கப் பார்ப்பார்கள். அதே நீளக் குச்சி சதுரத்தின் மூலைக்கு மூலை எட்டாது. எட்டும்வரை சதுரத்தைச் சாய்த்து மாட்டினால் அது நின்றுவிடும். ‘டீச்சர், இது ரெண்டு முக்கோணம்!’ என்ற கூச்சல் என் வகுப்பு வரை கேட்கும். வாசப்படியிலிருந்து டவர் வரைந்த பையன் அன்று சாயங்காலமே அதன் கம்பிகளில் முக்கோணம் எண்ணப் போய்விட்டான். டீச்சரிடம் நான் திருடியது, கேள்வியைப் போட்டுவிட்டு நகர்கிற அந்தப் பழக்கத்தை. நமக்கு அது கஷ்டம். மூன்று விநாடி மௌனம் வந்தாலே பதிலைச் சொல்லித் தொலைத்துவிடுவோம்.

சத்தத்தைப் பற்றிக் கவலை இருக்கும். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். கலைத் திருவிழா மாதிரி போட்டிகளுக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள், நல்லதுதான். ஆனால் வருடா வருடம் மேடையேறுவது அதே நாலைந்து பேர் என்பதையும் கவனியுங்கள்.

நாளைக்கே தொடங்குவதென்றால் அந்தப் பத்து நிமிட ரஃப் நோட்டிலிருந்து தொடங்குங்கள். முதல் மூன்று வாரம் ஒன்றும் வராது. கைடு வாக்கியங்களைத்தான் எழுதித் தருவார்கள், நீங்கள் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று ஆழம் பார்ப்பார்கள். அசராமல் பென்சில் கேள்வியை எழுதிக்கொண்டே இருங்கள். நான் ‘தெருக்குழாயில் தண்ணி வர்ற நேரம்’ என்று கொடுத்தபோது நாலாவது வாரம்தான் முதல் உருப்படியான குழாயடிச் சண்டை வந்தது. ஒன்றரைப் பக்கம், வசனத்தோடு. சண்டையை ஆரம்பித்து வைத்தது யார் என்று பார்த்தால், வரிசையில் குடத்தை முன்னால் நகர்த்திய ‘நம்ம தமிழ் சார் வீட்டம்மா’.