டிவி அரசியல் விவாதம் எல்லாமே ஒத்திகை பார்த்த பேச்சு என்றால், அதைப் பார்த்து என்ன பயன்?

ஆமாம், பெரும்பாலும் தயாரித்துக்கொண்டு வந்து பேசுகிற பேச்சுதான். ஆனால் அதனாலேயே அது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். படித்துவிட்டுப் பரீட்சைக்கு வருகிறவனை யாரும் குறை சொல்வதில்லை. வந்தவர் முதல் பதிலை ஒப்பித்து முடித்ததும் அவரிடம் இரண்டாவது கேள்வி கேட்கிறார்களா, கேட்டால் பதில் வரும்வரை விடாமல் நிற்கிறார்களா என்பதைத்தான் நான் பார்க்கிறேன். நம் சேனல்களில் அது நடப்பது அபூர்வம்.

எனக்கு ஊர் ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடம். எங்கள் பக்கம் டிவி விவாதம் என்றாலே கச்சத்தீவுதான். 2024 மார்ச் 31-ஆம் தேதி, தேர்தல் நேரத்தில், பிரதமர் கச்சத்தீவைப் பற்றி எழுதியதும் எல்லாச் சேனலிலும் அதுவே ஓடியது. 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி தீவை மீட்கச் சொல்லிச் சட்டமன்றத்தில் தீர்மானம் வந்ததும் மறுபடியும் அதே. இரண்டு தடவையும் பேச்சு கொஞ்சமும் மாறவில்லை. 1974-இல் தீவை இலங்கைக்குக் கொடுத்தது யார், அப்போது இங்கே ஆட்சியில் இருந்தது யார், எதிர்த்தார்களா சம்மதித்தார்களா, சரி, அதற்கப்புறம் டெல்லியில் ஆண்ட நீங்கள் என்ன செய்தீர்கள். ஒவ்வொரு கட்சிக்காரரும் தன் முறை வரும்போது இதில் தனக்கு ஏற்ற பகுதியைச் சொல்வார், மற்றவர் குறுக்கே பேசுவார், நெறியாளர் இடைவேளை என்பார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என் சித்தப்பா, நாட்டுப்படகு வைத்திருப்பவர், கேட்டது ஒரே கேள்வி: "ஏன்டா, தீவு வந்துட்டா மீனும் கூட வந்துருமா?"

அந்தக் கேள்வியை ஸ்டுடியோவில் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். 1974 ஒப்பந்தப்படி இரு நாட்டுக் கடல் எல்லைக்கோடு கச்சத்தீவின் மேற்குக் கரையிலிருந்து ஒரு மைல் தள்ளிப் போகிறது. இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் விசா இல்லாமல் முன்போலவே தீவுக்குப் போய்வரலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் 1976 மார்ச்சில் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் பரிமாறிக்கொண்ட கடிதத்தில், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று வந்துவிட்டது. எங்கள் பிழைப்பைக் கட்டிப்போட்டது 1976. டிவியில் சண்டை முழுக்க 1974-ஐப் பற்றியே நடக்கிறது. தவிர, தீவு திரும்பி வந்தாலும் கோடு சில மைல் நகரும், அவ்வளவுதான். விசைப்படகுகள் கச்சத்தீவைத் தாண்டி இலங்கையின் நெடுந்தீவுப் பக்கம் வரைக்கும் போகின்றன, ஏனென்றால் இறால் அங்கேதான் இருக்கிறது. இந்தப் பக்கம் கடல்தரையைச் சுரண்டி இழுத்து இழுத்து மீன்பாடு குறைந்துபோய்விட்டது.

எங்கள் ஊரிலேயே சத்தமாகச் சொல்லத் தயங்குகிற விஷயம் இன்னொன்று உண்டு. கடல்தரையைச் சுரண்டி இழுக்கிற வலையான இழுவைமடி அடிக்கிற படகு போன இடத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் போட்ட வலை மிஞ்சாது. அவர்களும் தமிழர்கள், போர் முடிந்து 2009-க்கு அப்புறம்தான் அவர்களுக்குக் கடல் திரும்பக் கிடைத்தது. இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. அதே ஆண்டு இங்கே மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து, இழுவைப் படகை ஒப்படைத்தால் ஆழ்கடல் சூரைமீன் படகு வாங்க 70 சதவீத மானியம் என்று திட்டம் கொண்டுவந்தன. இலக்கு 2,000 படகு, ஒரு படகு 80 லட்ச ரூபாய். மாறியவை மிகச் சில. மீதி முப்பது சதவீதத்துக்கு எங்கே போவது, நாள்கணக்கில் கடலில் தங்கிப் பழக்கமில்லாத ஆள் எப்படிப் போவான், வழக்கமாக ஒரே ராத்திரியில் போய்வருகிற தொழிலை எப்படி மாற்றுவது என்று நூறு கேள்வி இருக்கிறது. இதில் ஒவ்வொன்றும் ஒரு மணி நேர விவாதத்துக்குத் தாங்கும். இந்தத் திட்டத்தில் எத்தனை படகு கடலில் இறங்கியது என்று பாஜக, திமுக, அதிமுக மூன்று பேரிடமும் நேரே கேட்டுவிட்டு அமைதியாக இருந்தாலே போதும், மூன்று பேரின் மனப்பாடமும் அங்கே நின்றுவிடும்.

ஒத்திகைப் பேச்சு எப்படி உடையும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். 2016 பிப்ரவரி 6, நியூ ஹாம்ப்ஷயரில் குடியரசுக் கட்சி வேட்பாளர்கள் விவாதம். மார்கோ ரூபியோ ஒபாமாவைப் பற்றி ஒரு வாக்கியம் தயார் செய்து வந்திருந்தார். இன்னொரு வேட்பாளரான கிறிஸ் கிறிஸ்டி, இவர் 25 விநாடி மனப்பாடம் செய்துவிட்டு வந்து பேசுகிறார் என்று மேடையிலேயே சொன்னார். அதற்குப் பதிலாக ரூபியோ மறுபடியும் அதே வாக்கியத்தையே சொன்னார், பிறகு இன்னொரு தடவையும். அதற்கு முன் அயோவா வாக்குப்பதிவில் மூன்றாவதாக வந்தவர், விவாதம் முடிந்து மூன்று நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயர் வாக்குப்பதிவில் ஐந்தாவது. அந்த விவாதத்தில் மக்களுக்குக் கிடைத்த பெரிய தகவலே அந்த மனப்பாடம்தான், ஏனென்றால் எதிரே நின்றவர் விடவில்லை. 2024 ஜூன் 27-ஆம் தேதி பைடனும் பல நாள் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் அட்லாண்டா விவாதத்துக்கு வந்தார். அங்கே தடுமாறியவர், ஜூலை 21-இல் அதிபர் தேர்தல் போட்டியிலிருந்தே விலகிவிட்டார். எவ்வளவு எழுதிக் கொடுத்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் போகாது.

அங்கேயும் கட்சிகள் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 1976-இல் இருந்து அதிபர் விவாதங்களை நடத்தி வந்த பெண் வாக்காளர் சங்கம், 1988-இல் இரண்டு தரப்பும் மூடிய அறையில் பேசி யார் கேள்வி கேட்பது, யார் அரங்கில் உட்காருவது வரை தாங்களே முடிவு செய்துகொண்டதைப் பார்த்து, வாக்காளரை ஏமாற்றும் இந்த வேலைக்கு எங்கள் பெயர் வேண்டாம் என்று விலகியது. பிரிட்டனில் 2010-இல் முதன்முதலாகத் தலைவர்கள் விவாதம் நடந்தபோது 76 விதிகள். கேள்வி கேட்பவரின் கையைக் கட்டிப்போட எல்லா ஊரிலும் முயற்சி நடக்கிறது. நான் பயப்படுவது இதற்குத்தான், பேசுகிறவர் கையில் குறிப்பு வைத்திருப்பதற்கு இல்லை.

நம் நாட்டில் அந்த அளவுக்குக்கூட வரவில்லை. 2024 மே மாதம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் மதன் லோகுர், ஏ.பி. ஷா, பத்திரிகையாளர் என். ராம் மூவரும் மோதியையும் ராகுல் காந்தியையும் ஒரே மேடையில் விவாதிக்க அழைத்தார்கள். ராகுல் சரி என்றார். விவாதம் நடக்கவில்லை. முடிவு எடுக்கிற தலைவர் வராத இடத்தில் செய்தித் தொடர்பாளர் வருகிறார். அவர் கட்சி சொன்னதைத் தாண்டி ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் பதவி இருக்காது, அப்புறம் அவரிடம் என்ன எதிர்பார்ப்பது? ஒரு மணி நேரம், அதில் விளம்பரம், முன்னுரை, நான்கைந்து பேர். ஆளுக்கு எட்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. எட்டு நிமிடத்தை ஓட்ட மூன்று வாக்கியம் போதும். மீனவர் சங்கத்துக்காரர் ஒருவரைத் தொலைபேசியில் இணைப்பார்கள், கடலுக்குப் போக டோக்கன் வாங்குவதிலிருந்து சொல்ல ஆரம்பிப்பார், அவர் விஷயத்துக்கு வருவதற்குள் "சுருக்கமாச் சொல்லுங்கய்யா" என்று துண்டித்துவிடுவார்கள். கடலில் கைதாகி வந்தவனின் அனுபவத்துக்கு ஒரு நிமிடம், 1974-க்கு ஐம்பது நிமிடம். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

தேர்தல் சமயத்தில் வேட்பாளர்கள் எங்கள் தெருவுக்கும் வருவார்கள். ஒரு தடவை கருவாட்டு வியாபாரம் பார்க்கும் ஓர் அக்கா, மீன்பிடித் தடைக்கால நிவாரணம் படகில் போகிறவனுக்குத் தருகிறீர்கள், ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரைக்கும் மீன் இல்லாமல் நாங்கள் மட்டும் என்ன செய்வது என்று கேட்டார். வேட்பாளர் மீனவர் நலனைப் பற்றிப் பொதுவாகப் பேச ஆரம்பித்தார். "அது இருக்கட்டும் சார், எங்களுக்கு என்னன்னு சொல்லுங்க" என்றார் அக்கா. மறுபடி பொதுவாகப் பேசினார், அக்கா மறுபடி அதையே கேட்டார். கடைசியில் அவர், எனக்கு இது தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். டிவியில் ஒரு வேட்பாளர் 'தெரியாது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அக்கா செய்ததை நெறியாளர் செய்தால் போதும்.

எனவே உங்களுக்கு என் பதில்: பாருங்கள், ஆனால் யார் ஜெயித்தார் என்று பார்க்காதீர்கள். எந்தக் கேள்விக்கு ஒருவர் வேறு ஏதோ பதில் சொன்னார் என்று மட்டும் கவனியுங்கள். அங்கே அவர் கட்சிக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று அர்த்தம். எண்கள் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கைதான மீனவர்கள், பிடித்து வைத்திருக்கும் படகுகள் பற்றி எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கேட்ட கேள்விகளுக்கு வெளியுறவுத் துறை எழுத்துப்பூர்வமாகத் தரும் பதில்கள் மக்களவை, மாநிலங்களவை இணையதளத்தில் எல்லோருக்கும் கிடைக்கும். நான் விவாதம் முடிந்ததும் அதை எடுத்துத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பல நாள் அந்த இரண்டு பக்கப் பதிலில் இருக்கும் விவரம் முந்தைய ராத்திரி ஒரு மணி நேரத்தில் வந்திருக்காது.