மறு: கல்லடிப் பாலப் படத்தில் 1921 என்று எழுதியிருப்பது சரியா?

தங்கச்சி, அம்மப்பா கல்லடிப் பாலத்தில் நிற்கிற படத்தின் பின்பக்கம் 1921 என்று கிடக்குது, நம்பலாமா என்று கேட்டிருந்தீங்க. பாலம் அதுதானென்றால் ஆண்டு பிழை. மட்டக்களப்பு வாவிக்கு மேலான கல்லடி இரும்புப் பாலம் கட்டி முடிந்தது 1924இல்தான். இலங்கையின் அப்போதைய பிரித்தானிய ஆளுநர் வில்லியம் மானிங்கின் மனைவி பெயரில் 'லேடி மானிங் பாலம்' என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன் அந்த இடத்தில் வாவியை நீர்வழியாகத்தான் கடக்க வேண்டியிருந்தது.

அந்தக் கடைசி எண்ணை ஒருக்கா உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்க. பழைய கையெழுத்தில் 7உம் 1உம் ஒரே மாதிரித்தான் தெரியும். 1927ஆக இருக்க நல்ல வாய்ப்பிருக்கு.

பாலத்தையும் உறுதிப்படுத்துங்க. கோட்டைமுனைப் பாலத்தையும் ஆட்கள் கல்லடி என்று மாறிச் சொல்வதுண்டு. அம்மப்பாவுக்குப் பின்னால் இரும்புச் சட்டங்கள் முக்கோணம் முக்கோணமாக ஓடுதா? சட்டங்கள் சந்திக்கிற தகட்டில் அரைக்கோள மொட்டுகள் வரிசையாகத் தெரியுதா? அவை தறையாணிகள். பழுக்கக் காய்ச்சித் துளையில் செருகி, மறுமுனையை அடித்து மொட்டாக்குவார்கள். ஆறும்போது ஆணி சுருங்கித் தகடுகளை இறுக்கிப் பிடிக்கும். அந்தக் காலத்து இரும்புப் பாலங்களின் அடையாளம் அது.

2013இல் பக்கத்தில் புதுப்பாலம் திறந்தாலும் பழையது இன்னும் நிற்குது. படத்தோடு நேரில் போய் ஒப்பிட்டுப் பாருங்க. முடிந்தால் பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி இங்கே போடுங்க, அப்படியான படங்கள் நம்மிடம் மிகக் குறைவு.