யாழ்ப்பாணத்து வீட்டிலிருக்கும் குடும்பப் படச் சர்வரை வெளிநாட்டுச் சொந்தங்களும் பார்க்க, ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்) திறந்துவிட்டால் போதுமா?

திறக்க வேண்டாம். விபிஎன் (சாவி உள்ளவர்களுக்கு மட்டுமான, மறையாக்கம் செய்த தனிப்பாதை) ஒன்றைப் போட்டு, அதற்குள்ளால் மட்டும் ஆட்களை வரவிடுங்கள். கொக்குவிலில் எங்கள் வீட்டில் மூன்று வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

ஏன் இதில் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், எங்களிடம் 1995க்கு முந்திய படங்கள் பதினொன்றுதான் மிஞ்சின. அந்த வருடம் ஒக்டோபர் 30 இரவு போருக்குத் தப்பி வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பக்கம் நடந்தபோது அம்மா உடுப்புப் பைக்குள் வைத்துக்கொண்டவை அவை. அல்பங்கள் வீட்டோடு போய்விட்டன. மற்றப் படங்கள் முன்னமே வெளிநாடு போனவர்களிடம் இருந்தன: ரொறன்ரோவில் பெரியம்மாவிடம் கொஞ்சம், லண்டனில் சித்தப்பாவிடம் கொஞ்சம். அவற்றை ஸ்கேன் செய்து ஓரிடத்தில் சேர்க்கத்தான் பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு இம்மிச் என்ற படச் சேமிப்பு மென்பொருளை நிறுவினேன்.

தொடங்கிய கிழமை நானும் எஸ்எஸ்எச்சுக்காக (தூரத்திலிருந்து கணினியை இயக்கும் வழி) 22ஆம் போர்ட்டைத் திறந்தேன். அடுத்த நாள் காலை, நடந்ததைப் பதியும் லொக் கோப்பைப் பார்த்தால் ரூட், அட்மின், டெஸ்ட் என்று பெயரை மாற்றி மாற்றிக் கடவுச்சொல் முயன்ற வரிகள் பக்கம் பக்கமாக இருந்தன. என்னை யாரும் தேடி வரவில்லை. உலகத்தில் உள்ள ஐபிவி4 முகவரிகள் (இணையத்தில் கருவிகளுக்குரிய எண்கள்) மொத்தம் சுமார் 430 கோடி. நல்ல வேக இணைப்புள்ள ஒரேயொரு கணினி, ஒரு போர்ட்டுக்காக அத்தனையையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்கலாம் என்று ஸீமேப் என்ற கருவி 2013இலேயே காட்டிவிட்டது. ஆகவே போர்ட் எண்ணை மாற்றி ஒளிந்துகொள்ள முடியாது. கடவுச்சொல் பலமாக இருந்தாலும் போதாது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற, பணம் பறிக்கும் ரான்சம்வேர், இணையத்துக்குத் திறந்து கிடந்த கியூநாப் நிறுவனச் சேமிப்புப் பெட்டிகளின் மென்பொருள் ஓட்டை வழியாகத்தான் புகுந்து கோப்புகளைப் பூட்டியது.

சரி, முதலில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, இணையப் பக்கம் அதற்குக் கிடைத்திருக்கும் ஐபி என்னவென்று பாருங்கள். 100.64இலிருந்து 100.127 வரையான எண்ணில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அதாவது பல வீடுகளுக்குப் பொதுவாக ஒரே வெளி முகவரி. அப்போது போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது. சிம் போட்ட 4ஜி ரவுட்டர்களில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. அதே பக்கத்தில் யூபிஎன்பி என்ற வசதியையும் அணைத்துவிடுங்கள். கமராப் பெட்டிகள் உங்களைக் கேட்காமலே போர்ட் திறப்பது அதன் வழியாகத்தான்.

சொந்தமாகப் பொது ஐபி இருந்தால் வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருளைப் போடுங்கள். 2020இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 5.6இலேயே சேர்ந்துவிட்டது. இதற்கு யூடிபி வகைப் போர்ட் ஒன்று, வழக்கமாக 51820, திறக்கத்தான் வேண்டும். ஆனால் சரியான சாவி இல்லாமல் வரும் எந்தப் பொட்டலத்துக்கும் அது பதிலே சொல்லாது. தட்டிப் பார்க்கிறவனுக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது. ஆளுக்கொரு சாவி கொடுங்கள். யாராவது ஃபோனைத் தொலைத்தால் அந்தச் சாவியை மட்டும் நீக்கலாம். என்னை இரண்டு நாள் அலைக்கழித்த விஷயம் ஒன்று உண்டு: எங்கள் வீட்டு வலையின் முகவரிகளும் பெரியம்மா வீட்டு வலையின் முகவரிகளும் 192.168.1 என்றே தொடங்கின. விபிஎன் இணைந்துவிட்டது என்று காட்டும், ஆனால் அவருடைய ஐபாட் என் சர்வரை அவர் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். எங்கள் பக்கத்தை 10.73.20 என்று மாற்றிய பிறகுதான் படம் வந்தது. தொடக்கத்திலேயே மாற்றிவிடுங்கள்.

சிஜிநாட்டுக்குப் பின்னால் என்றால் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை. உள்ளே ஓடுவது வயர்கார்ட்தான். இரண்டு பக்கக் கருவிகளும் வெளிநோக்கி இணைந்து, பொதுச் சாவிகளை மட்டும் ஒரு நடுச் சர்வர் வழியாகப் பரிமாறிக்கொள்கின்றன. நேர்ப் பாதை கிடைக்காவிட்டால் இடைச் சர்வர் வழியாக, அப்போதும் மறையாக்கத்தோடுதான், தரவு போகும். இதுவும் தன் கருவிகளுக்கு 100.64 வரிசை முகவரிகளைத்தான் கொடுக்கிறது, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நடுச் சர்வர் ஒரு நிறுவனத்தின் கையில் இருப்பது மனதுக்கு ஒப்பவில்லையென்றால் ஹெட்ஸ்கேல் என்ற திறமூல மாற்று உண்டு. எப்படியானாலும் உள்நுழையும் கணக்குக்கு இருபடிச் சரிபார்ப்பு கட்டாயம். அப்புறம், கருவிகளின் சாவி 180 நாளில் காலாவதியாகும். சர்வருக்கு மட்டும் அதை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து ஒருநாள் எல்லோருக்கும் ஒன்றாக அறுந்துபோகும்.

போர்ட் திறக்காமலே ஒரு நிறுவனத்தின் வழியாகச் சர்வரைக் காட்டும் கிளவுட்ஃப்ளேர் டனலைக் கனபேர் சொல்வார்கள். ஊருக்குக் காட்டுகிற வலைத்தளத்துக்கு நல்லது. குடும்பப் படத்துக்கு நான் வைக்க மாட்டேன், ஏனென்றால் மறையாக்கம் அவர்களிடத்தில் ஒருமுறை பிரிக்கப்படுகிறது. இலவசத் திட்டத்தில் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஒரே வீச்சில் ஏற்றவும் முடியாது. கலியாண வீட்டு வீடியோ ஒன்றே அதைத் தாண்டிவிடும்.

மின்சாரத்தையும் மறக்க வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டையே பார்த்தவர்கள் நாங்கள். கரண்ட் சட்டென்று போனால் தரவுத்தளம் பழுதாகலாம். சர்வருக்கு ஒரு யூபிஎஸ், ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ஒன்று, பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கம்) கரண்ட் வந்ததும் தானாக எழும்பும் அமைப்பு. இந்த மூன்றும் இல்லாவிட்டால் நீங்கள் கொழும்பில் நிற்கும் நாளில் சர்வர் படுத்துக் கிடக்கும்.

இன்னொரு பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும். எங்களது ரொறன்ரோவில் பெரியம்மா வீட்டு அலுமாரிக்குள். ரெஸ்டிக் என்ற பிரதியெடுக்கும் மென்பொருள் ஒவ்வொரு இரவும் மறையாக்கம் செய்து அதே விபிஎன் வழியாக அனுப்புகிறது. அந்தப் பிரதியின் கடவுச்சொல்லைக் கடதாசியில் எழுதி அம்மாவின் காணி உறுதிகளோடு வைத்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பத்துப் படத்தை அங்கிருந்து மீட்டுத் திறந்து பார்ப்பேன்.

உங்கள் ரவுட்டரில் தெரியும் ஐபியின் முதல் இரண்டு எண்களை மட்டும் எழுதுங்கள், முழு முகவரி வேண்டாம். எந்த வழி பொருந்தும் என்று சொல்கிறேன்.