ஓப்பன் ஆபிஸா, லிப்ரே ஆபிஸா: வீட்டுக் கணினியில் எதைப் போடலாம்?

லிப்ரே ஆபிஸ் போடுங்கள். பணம் கட்டாமல் கடிதம், கணக்கு, மகளின் பள்ளி வேலை எல்லாம் செய்ய ஓப்பன் ஆபிஸ் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழகிய பெயர் என்பதால் பலர் இன்னும் அதையே தேடி இறக்குகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தை 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கி, அதன் ஸ்டார் ஆபிஸ் மென்பொருளின் மூலநிரலை (அதை உருவாக்கிய நிரல் வரிகளை) 2000இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அப்படி வந்ததுதான் ஓப்பன் ஆபிஸ். 2010இல் சன் நிறுவனம் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனதும், ஓப்பன் ஆபிஸில் உழைத்தவர்கள் பலர் பிரிந்து டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். லிப்ரே ஆபிஸ் அவர்களுடையது. ஓப்பன் ஆபிஸை மறு ஆண்டே ஆரக்கிள் அப்பாச்சி என்ற திறந்த மென்பொருள் அமைப்பிடம் கொடுத்துவிட்டது. ஓப்பன் ஆபிஸின் 4.1 பதிப்பு வந்தது 2014இல். அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் சின்னச் சின்னத் திருத்தங்கள்தான். மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்எக்ஸ் (.docx) கோப்பை அது திறக்கும், ஆனால் அதே வடிவில் சேமிக்காது. லிப்ரே ஆபிஸ் சேமிக்கும். எனக்கு இந்த ஒன்றே போதும்.

சரி, தமிழ். நிறுவியவுடன் டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் போய், மொழிப் பகுதியில் ‘காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். லிப்ரே ஆபிஸ் ஆங்கில எழுத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழ் போன்ற எழுத்துகளுக்கு இன்னொரு எழுத்துரு என்று தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. அளவும் அப்படியே. ஒரே வரியில் ஆங்கிலம் பெரிதாகவும் தமிழ் சிறிதாகவும் நின்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். ஸ்டைலை (எழுத்துரு, அளவு போன்றவற்றை மொத்தமாக வைத்திருக்கும் அமைப்பை) திறந்து இரண்டையும் ஒருமுறை சரிசெய்துவிட்டால், அந்த ஆவணத்தில் பிறகு ஒவ்வொரு பத்தியாகத் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டியதில்லை.

அலுவலகத்திலிருந்து மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) நிறைந்த எக்ஸல் கோப்புகள் வருகிறதென்றால் நிலைமை வேறு. அந்த மேக்ரோக்களில் சில லிப்ரே ஆபிஸில் ஓடும், சில ஓடாது. அந்த வேலைக்கு எக்ஸலே வேண்டும். மற்றபடி வரவு செலவு, மதிப்பெண் பட்டியல், விண்ணப்பம் எல்லாவற்றையும் லிப்ரே ஆபிஸில் கணக்குக்கான கால்க்கும் எழுத்து வேலைக்கான ரைட்டரும் நன்றாகவே பார்த்துக்கொள்ளும்.

அப்புறம், பிரிண்ட் எடுக்க வெளியே கொண்டுபோகும் எதையும் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். அந்தக் கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லையென்றால் பக்கமே கலைந்துவிடும். பிடிஎஃப் ஆக்க ஃபைல் மெனுவிலேயே வழி இருக்கிறது, தனி மென்பொருள் வேண்டாம்.